பதினாறு கட்டத்து அம்பு

பதினாறு கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம். அதற்குமேல் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

"இன்னும் கொஞ்சம் பெருசா வரைய முடியாதாடா?" என்று கேட்டேன்.

"முடியாதும்மா. அம்புக்கு இந்தக் கம்ப்யூட்டர் ஒதுக்கியிருக்கிற இடமே அவ்வளவுதான். அழுதாலும் பதினேழாவது கட்டம் தராது."

என் மகன் அன்ஸ்காருக்கு அப்போது பதினெட்டு வயது. அது எண்பத்தொன்பதாம் வருஷம், நவம்பர் மாதத்து மதியம். ரொட்டிக் கடைக் கவுண்டரில் நின்றுவிட்டு வந்த அதே உடையோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. அதற்கு இடப்பக்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரை கொஞ்சமாவது தெரியவேண்டுமானால் அவன் காலண்டரைப் பார்க்க வேண்டும். என் முகம் தெரியவேண்டுமானால் என் காதைப் பார்க்க வேண்டும்.

மவுஸை நகர்த்தினால் திரையில் கூடவே ஓடும் அம்பை அவரவர் விருப்பத்துக்கு வரைந்துகொள்ளலாம் என்பது அந்த வருஷம் வரை எனக்குத் தெரியாது. அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் அது பெரிய விஷயம். பக்கத்து ஊரான ஹெர்னேயில் இரண்டு பேர், ஹாலந்தில் ஒருவன், டென்மார்க்கில் இரண்டு பேர் என்று ஒரு கூட்டம். தபாலில் டிஸ்க் அனுப்பிக்கொள்வார்கள். எந்த டிஸ்க்கைப் போட்டு இயந்திரத்தை எழுப்புகிறோமோ, அந்த டிஸ்க்கில் இருக்கும் அம்புதான் திரையில் வரும். அதனால் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே டிஸ்க் யாருடையது என்று தெரிந்துவிடும். ஹாலந்துப் பையனுக்குச் சீஸ் துண்டு. மூன்று வீடு தள்ளி இருக்கும் சினானுக்குப் பிறையும் கால்பந்தும் சேர்ந்த ஏதோ ஒன்று. எங்கள் வீட்டுப் புறாக்கூண்டைப் பார்த்து வளர்ந்த அன்ஸ்காருக்கு ஒரு புறா இறகு. பதினாறு கட்டத்துக்குள், மூன்றே நிறத்தில், காற்றில் லேசாகச் சாய்ந்த இறகு. நல்லா இருக்கு என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் கவனித்ததில்லை. பையன் வீட்டோடு இருக்கிறான், குடிப்பதில்லை, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

செப்டம்பரில் மானிட்டரில் ஒரு கறை இருக்கிறது என்றான். துணியால் துடைத்தான். பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். கடைசியில் அவனும் சினானும் அந்த மானிட்டரைத் தோட்டத்துத் தள்ளுவண்டியில் வைத்துச் சினான் வீட்டுக்குத் தள்ளிப்போய், அவனுடையதை இங்கே கொண்டுவந்தார்கள். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். மேலே சினானின் சிரிப்பு கேட்டது.

"டேய், இதுலயும் இருக்குங்கிற? கறை உன் பின்னாலயே தள்ளுவண்டியில ஏறி வந்துடுச்சாடா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் கீழே நின்று சிரித்தேன். பிறகு மேலே சிரிப்பு நின்றது. அன்ஸ்கார் ஒரு கண்ணை மூடிப் பார்த்திருக்கிறான். அடுத்து மறு கண்ணை.

முதலில் வலது கண். ஆறு வாரத்தில் இடது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பார்வையின் நடுவில் மட்டும் ஒரு சாம்பல் நிறம். ஓரங்கள் இருக்கின்றன. எஸ்ஸன் நகரத்தில் கண் மருத்துவர் விளக்கை அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, அவனிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அம்மா வழியில ஆம்பளைங்க யாருக்காவது சின்ன வயசுல பார்வை போயிருக்கா?"

என் தம்பி எகோனுக்கு இருபத்து மூன்று வயதில் போனது. அறுபதுகளின் ஆரம்பம் அது. கள்ளச்சாராயம் குடித்துக் கெட்டான் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னேன். சாராயத்தால் இல்லை என்று மருத்துவர் தலையாட்டினார். இது தாய் வழியாகத்தான் வரும், பெரும்பாலும் ஆண்களைத்தான் பிடிக்கும், பெண்கள் ஒன்றும் ஆகாமல் சுமந்து கொடுத்துவிடுவார்கள் என்றார். நல்ல மனிதர். 'கொடுத்துவிடுவார்கள்' என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லியிருக்க மாட்டார். சிகிச்சை என்று எதுவும் இல்லை. சிகரெட் வேண்டாம். வைட்டமின் சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

என் கணவர் லுட்கர் அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எகோனுக்கு வந்த மாதிரியேவா?" ஆமாம் என்றேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். முழுவதும் தடவிய பிறகும் தடவினார். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஏதோ ஒன்று முடிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எகோனைப் பார்க்கப் போனேன். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எப்படி இருந்துதுடா உனக்கு, ஆரம்பத்துல?"

"நடுவுல யாரோ கட்டைவிரலை வெச்சு அழுத்தின மாதிரி."

"அம்மாகிட்ட என்ன சொன்னே?"

"தெரியுதுன்னு சொன்னேன். ஒரு வருஷம் முழுக்கச் சொன்னேன். அவ முகத்தைப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்றது? பாக்கவும் முடியல, அது வேற விஷயம்." சிரித்தான். பிறகு, "ரோஸி, குடிகாரன்னு நீங்க எல்லாரும் சொன்னது எனக்கு ஒரு வகையில வசதியா இருந்துது. காரணம்னு ஒண்ணு இருந்துது பாரு" என்றான்.

அன்ஸ்கார் அழவில்லை. அவனுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் டென்மார்க்கில் ஒரு சந்திப்பு. நானூறு பையன்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கம்ப்யூட்டர்களோடு கூடுவார்கள். அங்கே படப் போட்டி. அவன் ஜூன் முதல் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தான். லுட்கரின் கை ஒரு பந்தயப் புறாவைப் பிடித்திருக்கும் படம். புறா முடிந்துவிட்டது. கழுத்துப் பச்சை, கால் வளையம், இறகுகளின் சாம்பல், எல்லாம் ஒவ்வொரு புள்ளியாக வைத்தது. கைதான் மிச்சம். இரண்டு விரல்கள் முடிந்திருந்தன. சுரங்கத் தூசி நிரந்தரமாக ஏறிவிட்ட நகக்கண் உட்பட. மற்ற மூன்று விரல்களும் வெறும் கோடு.

"சினானை முடிக்கச் சொல்லேன்."

"அவன் வரைஞ்சா அப்பாவுக்குத் தொத்திறைச்சில விரல் முளைச்ச மாதிரி இருக்கும்."

"அப்போ என்னதான் பண்றது?"

"அம்பு எங்கன்னு தெரியணும்மா. அதுதான் சிக்கல். எதைப் பாக்கறேனோ அது காணாமப் போகுது. அம்பைத் தேடினா அம்பு போயிடுது. இறகு ரொம்ப மெல்லிசு."

அப்போதுதான் பெரிதாக வரைய முடியாதா என்று நான் கேட்டது. அவன் முடியாது என்றான். "சரி, தடிமனாவாவது வரையலாமே, நான் வரையட்டுமா?" என்றேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக ரொட்டி எடுத்துக் கொடுக்கிறேன். அவன் காலண்டரைப் பார்த்தான். அதாவது திரையை, அல்லது இரண்டையும் இல்லை.

"சரிம்மா. வரை" என்றான்.

அன்றிலிருந்து தினமும் இரண்டரை மணிக்கு அவன் நாற்காலியில் நானும், பக்கத்து ஸ்டூலில் அவனும். ஒரு பெரிய சதுரம், அதற்குள் கட்டங்கள். நிறத்தைத் தேர்ந்து கட்டத்தை அமுக்கினால் நிரம்பும். முதல் நாள் எல்லாக் கட்டங்களையும் மஞ்சளால் நிரப்பினேன். தெரிகிறது, ஆனால் அடியில் இருக்கும் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது என்றான். அடுத்து ஒரு தடித்த சிலுவை. அடுத்து நடுவில் துளை விட்ட வளையம். அந்த வளையம் எனக்கே பிடித்திருந்தது. அவனிடம் மவுஸைக் கொடுத்தேன். திரையில் கோப்புகள் இருக்கும் ஒரு பெட்டியைத் திறக்கப் போனான், வேறொன்று திறந்தது. மறுபடியும் அதே.

அன்று சினானும் இருந்தான். கட்டிலில் உட்கார்ந்து என் இஞ்சி பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ரோஸி ஆன்ட்டி, நீங்க ஒரு கதவைத் தட்டுறீங்க, பக்கத்து வீட்டுக்காரன் வந்து திறக்கிறான்!"

அம்புக்கு ஒரு தொடும் புள்ளி உண்டாம். எந்தக் கட்டம் உண்மையில் தொடுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டும். நான் இறகை அழித்து வளையத்தை வரைந்துவிட்டேன். தொடும் புள்ளி மட்டும் பழைய இறகின் நுனி இருந்த மூலையிலேயே நின்றுவிட்டது.

"எனக்கும் இப்போ அப்படித்தான் சினான். பாக்கறது ஒரு இடம், தெரியறது ஒரு இடம்" என்றான் அன்ஸ்கார். சினான் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டான். நான் புள்ளியை நடுவுக்கு மாற்றினேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த மூன்று வாரமும் நான் ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தேன். கவுண்டரில் நிற்கும்போது மனதுக்குள் கட்டங்களை நிரப்புவேன். பால்காரர் வீட்டு அம்மாள் நான்கு பன் கேட்டால் ஆறு போட்டுக் கொடுப்பேன். லுட்கர் காலை ஷிப்ட் முடிந்து வந்து படிக்கட்டிலிருந்து எட்டிப்பார்த்து, "என்ன ரோஸி, தொழிற்சாலை ஓடுதா?" என்பார். அந்தக் குரலில் கேலி இருந்தது, கேலிக்குப் பின்னால் ஒரு கெஞ்சல் இருந்தது. ஓடுகிறது என்பேன். நான் கொடுத்த ஒன்றுக்கு ஈடாக நானே இன்னொன்றைக் கொடுக்கப் பார்த்தேன். இருநூற்று ஐம்பத்தாறு கட்டம். அதற்குள் எப்படியும் ஒரு வழி இருக்கும் என்று நம்பினேன்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, பதினோராவது அம்பு. கறுப்பு விளிம்பு, மஞ்சள் உடம்பு, நான்கு மூலையிலும் ஆப்பு மாதிரி நான்கு துண்டுகள், நடுவில் எதுவும் இல்லை. மவுஸைக் கொடுத்தேன். அன்ஸ்கார் வழக்கம்போல முதலில் மேல் இடது மூலைக்குத் தள்ளினான். இப்போதெல்லாம் எதற்கு முன்பும் அதைச் செய்வான், பழக்கம் என்று நினைத்தேன். பிறகு கையை இறக்கிக் கொண்டுவந்து, நான் சொன்ன பெட்டியை ஒரே தடவையில் திறந்தான். மூடினான். அடுத்ததைத் திறந்தான்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

"நெஜமாவா?"

"நெஜமா. நாலு மஞ்சள் பல்லு மாதிரி. அசிங்கமா இருக்கு, ஆனா தெரியுது."

நான் அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டேன். "விடும்மா, பதினெட்டு வயசு எனக்கு" என்றான். அந்த அம்பை டிஸ்க்கில் சேமிக்கச் சொன்னான். இறகு போய்விடுமே என்றேன். போகட்டும் என்றான். மறுநாள் கடையில் எல்லாரிடமும் சொன்னேன். எதைச் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள்.

கையை எப்போது வரையப்போகிறாய் என்று கேட்டால், "நாளைக்கு. இன்னிக்குக் கண்ணு களைச்சிருக்கு" என்பான். நான் நச்சரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. வாத்து, சிவப்புக் கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை. எகோன் வந்திருந்தான். இருவரும் சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மறுநாள், விடுமுறையின் இரண்டாம் நாள், காலை பதினொரு மணிக்குச் சினான் வந்தான். லுட்கரும் அன்ஸ்காரும் புறாக்கூண்டுக்குப் போயிருந்தார்கள்.

"டிஸ்க்கை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் ஆன்ட்டி. நாளைக்குக் காலையில ரயில்."

"எந்த டிஸ்க்கு?"

"புறா படம். அப்படியே எடுத்துட்டுப் போன்னு அன்ஸ்கார் சொன்னான்."

"அப்படியேன்னா? கை முடியலியேடா. ஒரு நாள் இருக்கு இன்னும். இப்போதான அவனுக்கு அம்பு தெரியவே ஆரம்பிச்சிருக்கு."

சினான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஒரு காலோடு நின்றான். நான் அவனை மேலே இழுத்துப் போனேன். நானே இயந்திரத்தைப் போட்டேன், அந்தச் சில வாரங்களில் அதெல்லாம் பழகிவிட்டது. என் நான்கு மஞ்சள் பற்கள் வந்தன. படம் வரைகிற ப்ரோக்ராமை அதுவரை நான் திறந்ததில்லை. அன்று திறந்தேன். புறா வந்தது. லுட்கரின் கை வந்தது. மிச்சம் இருப்பது இவ்வளவுதான் என்று காட்டுவதற்காக மூன்றாவது விரலுக்கு அம்பைக் கொண்டுபோனேன்.

படத்துக்குள் நுழைந்ததும் என் அம்பைக் காணோம். அதன் இடத்தில் ஒரு சிலுவை. தலைமுடி தடிமன். எனக்கே கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"இது என்ன?"

"அது இந்த ப்ரோக்ராமோட சொந்தக் குறி ஆன்ட்டி. வரையும்போது எப்பவும் அதுதான் வரும்."

"மாத்து."

"மாத்த முடியாது. நான் பாத்துட்டேன். ப்ரோக்ராமுக்குள்ள பூந்து ரெண்டு வாரம் தேடினேன், டென்மார்க் பசங்ககிட்டயும் கேட்டேன்."

"ரெண்டு வாரமா? அப்போ அவனுக்கு இது…"

"அவனுக்குத் தெரியாம இருக்குமா ஆன்ட்டி? மூணு வருஷமா இதுலதானே வரையறான்." சினான் தன் சாக்ஸைப் பார்த்தான். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னான். நீங்க பக்கத்துல உக்காந்து ஏதாவது பண்ணிட்டு இருக்கணும், இல்லேன்னா படிக்கட்டுல நின்னுக்கிட்டு அவனையே பாத்துட்டு இருப்பீங்கன்னான்."

டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். ஒரு டப்பாவில் பிஸ்கட்டும் போட்டுக் கொடுத்தேன். அவன் போன பிறகு படிக்கட்டில் நின்றேன். உண்மைதான், நான் அங்கேதான் நிற்பேன் போலிருக்கிறது. கை தானாக அந்தக் கைப்பிடியில் போய் அமர்ந்தது.

மூன்று விரல் இல்லாமல் படம் போய்விட்டது. அதைவிட வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. படத்துக்கு உதவாது என்று தெரிந்தே என்னை வரையவிட்டான் என்றால், தெரியுது என்று சொன்னது? ஒவ்வொரு நாளும் சொன்னது? பெட்டிகளை ஒரே தடவையில் திறந்தானே. அப்போது அந்த மூலை நினைவுக்கு வந்தது. முதலில் மூலைக்குத் தள்ளுவது, பிறகு இறக்குவது. பெட்டிகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

ஒரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். தானிய வாசனை. சாப்பிட்டோம். லுட்கர் தூங்கப் போனார். அன்ஸ்கார் மாடிப்படியில் கைவைத்துக்கொண்டு என் காதைப் பார்த்துச் சொன்னான்:

"சினான் வந்துட்டுப் போனானா?"

"வந்தான். கொடுத்துட்டேன்."

"சரி. வாம்மா, அம்பைப் பாக்கலாம். மஞ்சள் கொஞ்சம் மங்குற மாதிரி இருக்கு. சிவப்பு வெச்சுப் பாக்கலாமா?"

உட்கார்ந்தேன். சதுரம் வந்தது. சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன், அது நிச்சயம். பிறகு என் கை போய் அழிக்கிற பொத்தானை அமுக்கியது. எல்லாக் கட்டமும் காலியாயிற்று. நான் எதையும் வரையவில்லை. நேரம் போகட்டும் என்று சும்மா சில தடவை மவுஸைத் தட்டினேன், வரைகிற ஓசைக்காக. பெற்ற பிள்ளையிடம் இதைச் செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். 'சரி' என்ற பொத்தானை அமுக்கினேன். சதுரம் மூடிக்கொண்டது. திரையில் அம்பு என்று எதுவும் இல்லை.

"இப்போ?" என்றேன்.

காலண்டரைப் பார்த்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பிறகு மறுபக்கம். அவசரப்படவில்லை.

"ம். இது நல்லா இருக்கும்மா. சிவப்பு நல்லாவே எடுத்துக் காட்டுது. இதையே வெச்சுக்கலாம்."

கீழே லுட்கரின் குறட்டை கேட்டது. சிவப்பை உடனே வரைந்துவிட வேண்டும் என்று தோன்றியது, அவன் சொன்னது உண்மையாகிவிடும்படி. மவுஸை நகர்த்தினேன். எதுவும் நகரவில்லை. நகர்ந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. திரும்பச் சதுரத்தைத் திறக்கிற பொத்தான் எனக்கு முன்னால்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. வலப்பக்கம் இழுத்தேன். கீழே இழுத்தேன். அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை அமுக்கப் பயமாக இருந்தது, வேறு எதையாவது தொட்டுவிடுவேனோ என்று.

என் மூச்சு மாறியிருக்க வேண்டும். ஸ்டூல் கிரீச்சிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா."

அவன் கோபம் எதுவும் இல்லாமல், வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னான்:

"மூலைக்குத் தள்ளு. மேல, இடது பக்கம். அதுக்கு மேல போகாதுன்னு ஆகிற வரைக்கும் தள்ளு. அங்கேருந்து எண்ணிக்கிட்டே இறங்கி வாம்மா."

தள்ளினேன். மேசையின் விளிம்பு வரை தள்ளி, மவுஸைத் தூக்கி வைத்து, மறுபடியும் தள்ளினேன். எப்போது போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.